நின்று அடிக்கும் நெஞ்சு: ஈ.சி.ஜி. கடதாசியில் முந்துதுடிப்பை அறிந்துகொள்வது எப்படி?

"நெஞ்சு திக்குன்னு நின்னு, அப்புறம் ஓங்கி ஒரு அடி அடிக்குதுங்க." ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள். வன்னியில் இருப்பவர்கள் "நெஞ்சு ஒருக்கா நிண்டு இடிக்குது" என்பார்கள். பேச்சு வேறானாலும் ஈ.சி.ஜி. கடதாசியில் பெரும்பாலும் தெரிவது ஒன்றுதான். இதயத்தின் கீழறையில் இருந்து, தன் முறை வரும் முன்பே கிளம்பிவிட்ட ஒரு துடிப்பு. வைத்தியசாலையில் இதை 'வென்ட்ரிகுலர் எக்டோபிக்' என்பார்கள். இக்கட்டுரையில் அதை முந்துதுடிப்பு என்று எழுதுகிறேன்.

நான் வைத்தியன் அல்லன். நுவரெலியா மாவட்டத்தில் ஈ.சி.ஜி. பதிவாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். நோயாளியின் நெஞ்சில் கம்பிகளைப் பொருத்தி, கடதாசியை எடுத்து வைத்தியரிடம் கொடுப்பது என் தொழில். அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு விதமாகத் துன்பப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், ஆபத்தில்லாத துடிப்பைக் கண்டு இன்றோ நாளையோ உயிர் போய்விடும் என்று உறக்கமில்லாமல் கிடப்பவர். மற்றவர், "யோசனை கூடிப் போச்சு, வேறொண்டும் இல்லை" என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு, உண்மையான இதய நோயோடு வீட்டில் இருப்பவர். போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு இந்த இரண்டாவது ஆபத்து அதிகம். அவர்களின் எந்த நோவையும் மனக்கவலையின் கணக்கில் எழுதிவிடுவது எல்லோருக்கும் எளிது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தில் இருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, பின்னர் போரையும் கடந்த குடும்பங்கள் பல. இங்கே எழுதுவது லயத்தில் இருப்பவருக்கும் வன்னியில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

இதயத்தில் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலது சோணையறையின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு சிறு முடிச்சு, நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்கணத்தை அனுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள ஒரு வாசலில் சற்றுத் தாமதித்து, தனிப்பாதை வழியாகக் கீழறைகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைகிறது.

கீழறைத் தசையின் ஒரு புள்ளி இந்தக் கட்டளைக்குக் காத்திராமல் தானே மின்கணத்தை எழுப்பினால் அது முந்துதுடிப்பு. அந்த மின்கணம் தனிப்பாதையைப் பயன்படுத்துவதில்லை. தசைக்குத் தசையாக மெல்ல ஊர்ந்து பரவுகிறது. பெருந்தெருவில் ஓடவேண்டிய வாகனம் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் போவது போலத்தான். கடதாசியில் அதன் உருவம் அகன்றும் கோணலாகவும் தெரிவது இதனால்தான்.

முறைக்கு முன்பே துடிப்பதால் கீழறையில் அப்போது குருதி போதிய அளவு நிரம்பியிருக்காது. அந்தத் துடிப்பு கையில் நாடியாக எட்டாமலும் போகலாம். அதன்பின் ஒரு நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் அறை நன்றாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக அடிக்கும். "நின்னு, ஓங்கி அடிக்குது" என்று நோயாளி சொல்வது துல்லியமான வர்ணனை. அவர் உணரும் அந்த ஓங்கிய அடி பெரும்பாலும் முந்துதுடிப்பு அல்ல. அதற்கு அடுத்து வரும் ஒழுங்கான துடிப்பே அது.

கடதாசியை வாசிக்கும் முறை

ஈ.சி.ஜி. கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன். 1860இல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்த அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்கு அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். பி அலை மேலறைகளுடையது. கியூ.ஆர்.எஸ். கீழறைகள் இயங்குவதைக் காட்டுவது. டி அலை கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டுவது.

கடதாசி வழமையாக வினாடிக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி. ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. ஐந்து பெரிய கட்டம் ஒரு வினாடி. இந்தக் கணக்கு தெரிந்தால் கீழ்வரும் ஐந்து அடையாளங்களைப் பார்க்கலாம்.

1. முந்தி வருதல். ஒழுங்கான துடிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னரே வந்திருக்கும்.

2. முன்னால் பி அலை இல்லாமை. கட்டளை மேலிருந்து வராததால், அதைக் கொண்டுவரும் பி அலை இருக்காது.

3. அகலம். ஒழுங்கான கியூ.ஆர்.எஸ். மூன்று சிறு கட்டத்துக்குக் குறைவாக இருக்கும். முந்துதுடிப்பில் அது மூன்று சிறு கட்டம், அதாவது 0.12 வினாடி, அல்லது அதற்கு மேல். பக்கத்தில் உள்ள துடிப்புகளின் உருவத்தை அது ஒத்திராது.

4. டி அலை எதிர்த்திசையில் இருத்தல். கியூ.ஆர்.எஸ். மேல்நோக்கினால் டி அலை கீழ்நோக்கும். கீழ்நோக்கினால் மேல்நோக்கும்.

5. முழு ஓய்வு. ஒரு வெற்றுத்தாளின் ஓரத்தில் இரண்டு ஒழுங்கான துடிப்புகளின் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் அது நான்கு பெரிய கட்டம். முந்துதுடிப்பு இரண்டரைக் கட்டத்தில் வந்துவிடுகிறது என்று வைப்போம். அதற்கு அடுத்த ஒழுங்கான துடிப்பு, முந்திய ஒழுங்கான துடிப்பில் இருந்து சரியாக எட்டாவது கட்டத்தில் வரும். மேலே உள்ள முடிச்சு தன் கணக்கை மாற்றாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள். இந்த அடையாளம் பெரும்பாலும் இருக்கும், எப்போதும் அல்ல.

முந்துதுடிப்பு போலத் தோன்றுபவை

நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதிகாலையில் மலையில் இருந்து நனைந்து வருகிறவரைக் கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சைத் திறந்தால் உடல் நடுங்கும். அந்த நடுக்கத்தை இயந்திரம் கோணல் கோடுகளாக எழுதிவிடும். கம்பளியால் போர்த்தி, தோலைத் துடைத்து, சில நிமிடம் பொறுத்து மறுபடி எடுத்தால் கோளாறு பாதி மறைந்துவிடும். நடுக்கக் கோடுகளுக்கு இடையே ஒழுங்கான துடிப்புகள் தம் இடைவெளி மாறாமல் நடந்துகொண்டிருந்தால் அது இதயத்தின் கோளாறு அல்ல.

இன்னொன்று மேலறையில் இருந்து முந்தி வரும் துடிப்பு. இதற்கு முன்னால் ஒரு பி அலை இருக்கும். சில வேளை முந்தைய டி அலைக்குள் ஒளிந்து, அந்த டி அலையைச் சற்று உயர்த்திக் காட்டும். இதன் கியூ.ஆர்.எஸ். பெரும்பாலும் ஒடுங்கியே இருக்கும்.

மூன்றாவது, பிந்தி வரும் அகன்ற துடிப்பு. மேலே உள்ள முடிச்சு தாமதித்தபோது கீழறை தானாக எழுப்பும் காவல்துடிப்பு அது. முந்தி வருவதும் பிந்தி வருவதும் உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் பொருள் நேரெதிர். பிந்தி வருவது உயிரைக் காக்கும் துடிப்பு. அதை மருந்தால் அடக்கக் கூடாது. ஆகவே அகலத்தைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள்.

நாடியைக் காட்டும் சிறு கருவிகளையும் கவனிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக முந்துதுடிப்பு வரும்போது, விரலில் மாட்டும் கருவி பாதித் துடிப்பை மட்டுமே எண்ணக்கூடும். இதயம் 76 தடவை துடிக்க, கருவி 38 என்று காட்டும். வீட்டில் இந்த எண்ணைக் கண்டு பதறுவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

தனித்து, இணையாக, தொடராக

ஒழுங்கான ஒன்று, முந்திய ஒன்று என மாறிமாறி வந்தால் 'பைஜெமினி'. இரண்டு ஒழுங்கானவற்றுக்கு ஒன்று முந்தி வந்தால் 'ட்ரைஜெமினி'. இரண்டு முந்துதுடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் இணை. மூன்றோ அதற்கு மேலோ நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய வேகத்தில் தொடர்ந்தால் அது கீழறை மிகைத்துடிப்பு. வைத்தியசாலையில் 'வீ.டி.' என்பார்கள். அது 30 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, அதனால் ஆள் மயங்கினாலோ அவசர நிலை.

எல்லா முந்துதுடிப்பும் ஒரே உருவமாக இருந்தால் அவை ஒரே இடத்தில் இருந்து வருகின்றன எனலாம். உருவம் பலவாக இருந்தால் வைத்தியர் கூடுதல் கவனம் செலுத்துவார். முந்தைய துடிப்பின் டி அலை மீதே முந்துதுடிப்பு விழுவதும் அப்படித்தான், குறிப்பாக மாரடைப்பு வந்தவரில்.

எண்ணிக்கையும் முக்கியம். வழமையான ஈ.சி.ஜி. பத்து வினாடியை மட்டுமே காட்டும். ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய 100,000 தடவை துடிக்கிறது. பத்து வினாடிக்கு ஒரு முந்துதுடிப்பு என்ற கணக்கு நாள் முழுவதும் நீடித்தால் 8,640 ஆகும். மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டி நீண்டகாலம் இருந்தால், நல்ல இதயமும் சிலருக்குத் தளர்ந்துபோகக்கூடும். அதனால்தான் 24 மணித்தியாலம் உடலில் கட்டிவிடும் ஹோல்டர் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அது எங்கே எப்போது கிடைக்கும் என்பதைக் கிளினிக்கில் கேட்டுத் திகதி வாங்குங்கள்.

ஏன் வருகிறது?

முழு நலமானவர்களிலும் வரும். வயது கூடக்கூட அதிகம் வரும். உறக்கமின்மை, பதற்றம், காய்ச்சல், புகைத்தல் ஆகியவை அதைத் தூண்டும். போரின் நினைவுகளில் திடுக்கிட்டு விழிப்பவரின் உடலில் அட்ரினலின் சுரப்பு கூடுகிறது. அதுவும் துடிப்பை எழுப்பும். துயரம் உடல் நோவாக வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலம் எழுதிவந்திருக்கிறார். ஆனால் "இது மனத்தில் இருந்து வருகிறது" என்ற முடிவு, இதயத்தைப் பார்த்த பிறகு சொல்லவேண்டியது. பார்ப்பதற்கு முன் சொல்லக் கூடாது.

தேத்தண்ணி காரணமா என்று தோட்டத்தில் எல்லோரும் கேட்பார்கள். 2023இல் அமெரிக்காவில் 100 பேரிடம் செய்த ஆய்வில், கோப்பி குடித்த நாட்களில் கீழறை முந்துதுடிப்பு நாளொன்றுக்கு 154, குடிக்காத நாட்களில் 102 எனப் பதிவானது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பெரிதல்ல. தேநீரில் கஃபீன் கோப்பியைவிடக் குறைவு. குடித்ததும் உங்களுக்குத் துடிப்பு கூடினால் குறையுங்கள். இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குற்றம் சொல்லவேண்டியதில்லை. கசிப்பும் சாராயமும் வேறு விடயம். அவை இதயத் தசையையே நாளடைவில் கெடுக்கும்.

வைத்தியர் தேடவேண்டிய காரணங்கள் பல. மாரடைப்பும் இதயக் குழாய் அடைப்பும். பல ஆண்டு கவனிக்காத உயர் இரத்த அழுத்தம். சிறுவயதுத் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் கெடுத்துவிட்ட வால்வு. வைரசுக் காய்ச்சலின் பின் இதயத் தசையில் வரும் அழற்சி. பிள்ளைப்பேற்றை ஒட்டிய மாதங்களில் சில தாய்மாருக்கு வரும் இதயத் தளர்ச்சி. இந்த ஐந்தும் இதயத்தின் நோய்கள்.

இதயத்துக்கு வெளியில் உள்ளவையும் உண்டு. வாந்தி, வயிற்றோட்டம், நீர்போகும் குளிசை ஆகியவற்றால் உடலில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறையும். கொழுந்து பறிக்கும் பெண்களில் காணும் இரத்தச்சோகை துடிப்பைக் கூட்டும். தைரொயிட் சுரப்பு மிகுதியும் அப்படியே. நுவரெலியாக் குளிரிலும் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, உடல் மெலிந்தால் அந்தப் பரிசோதனையைக் கேட்கவேண்டும். முட்டுக்குப் பாவிக்கும் சல்பியூட்டமோல் அளவுக்கு மேற்பட்டால் துடிப்பு எழும்.

சில மனநல மருந்துகளும் இதயம் மின்னூட்டம் பெறும் நேரத்தை நீட்டக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது கூடுதல் ஆபத்து. "இந்த மருந்துக்கு ஈ.சி.ஜி. பார்க்கவேண்டுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வடக்குக் கிழக்கில் வீட்டு வேலியில் நிற்கும் மஞ்சள் அலரியின் நஞ்சு, இதய மருந்தான டிஜொக்சினுக்கு நெருங்கிய இனம். அது இதயத்தின் மின்னோட்டத்தை நேரடியாகக் குழப்பும். டிஜொக்சின் முறிமருந்து இந்த நஞ்சின் துடிப்புக் கோளாறைத் திருத்துகிறது என்பதை இலங்கையில் செய்த ஆய்வொன்று காட்டியது. 2000ஆம் ஆண்டு அது லான்செட் இதழில் வெளிவந்தது. எந்த நஞ்சு உட்சென்றாலும், ஆள் நன்றாகத் தெரிந்தாலும், உடனே வைத்தியசாலையில் சேர்த்துக் கண்காணிக்கவேண்டும். மனம் தாளாத நேரத்தில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.

துடிப்பை அடக்குவதா, இதயத்தைப் பார்ப்பதா?

முந்துதுடிப்பு ஆபத்தின் அறிகுறி என்றால், அதை மருந்தால் அடக்கிவிட்டால் ஆள் தப்பிவிடுவார் என்று 1980களில் வைத்திய உலகமே நம்பியது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்து துடிப்பை அடக்கியது உண்மை. ஆனால் என்கைனைட், ஃபிளெக்கைனைட் என்ற மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெறுங்குளிசை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989 ஏப்ரலில் அந்த மருந்துகளை நிறுத்தினார்கள்.

கடதாசி அழகாக மாறியது, ஆள் பிழைக்கவில்லை. அன்று முதல் வைத்தியர்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "எத்தனை முந்துதுடிப்பு?" என்று மட்டும் கேட்பதில்லை. "எப்படிப்பட்ட இதயத்தில் இருந்து வருகிறது?" என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை தருவது எக்கோ பரிசோதனை. எக்கோ நன்றாக இருந்து, குடும்பத்தில் இளவயதுச் சாவு இல்லாமல், மயக்கமும் வராதவருக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. தொல்லை அதிகமானால் பீற்றா தடுப்பு வகை மருந்து கொடுப்பார்கள். துடிப்பு எழும் இடத்தைக் கதீற்றர் மூலம் சுட்டு அழிக்கும் சிகிச்சையும் உண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

படபடப்போடு மயங்கி விழுந்தால். நெஞ்சு நோ, மூச்சுத்திணறல் அல்லது குளிர்வியர்வை இருந்தால். மலை ஏறும்போதோ வேலை செய்யும்போதோ துடிப்பு கூடிக் கண் இருட்டினால். குடும்பத்தில் ஒருவர் 40 வயதுக்கு முன் திடீரென இறந்திருந்தால், இவற்றை நாளைய கிளினிக்குக்கு ஒத்திவைக்கக் கூடாது. முதல் இரண்டும் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும், வாகனம் எந்தச் சந்திவரை வரமுடியும் என்பதையும் சொல்லுங்கள். லயத்துக்கு வாகனம் வராவிட்டால் நோயாளியை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் ஈ.சி.ஜி. இல்லையென்றால் அங்கே பொழுதைப் போக்காமல், டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு நேரே போவது நல்லது. கண்டிக்கு மாற்றினால் மலைப்பாதையில் இன்னும் இரண்டு மணித்தியாலமாவது போகும் என்பதை மறக்கவேண்டாம்.

போரில் காயப்பட்டவர்களும் பெண்களும் அறியவேண்டியவை

கை அல்லது கால் இழந்தவருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கலாம். மிஞ்சிய பகுதியிலோ தோளிலோ இடுப்பிலோ கம்பியைப் பொருத்துவார்கள். அந்த மாற்றத்தைக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வைத்தியர் வேறுவிதமாக வாசிக்கக்கூடும். உடலில் ஷெல் துண்டு இருப்பது ஈ.சி.ஜி.க்கும் எக்கோவுக்கும் தடையல்ல. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முன்கூட்டியே கட்டாயம் சொல்லவேண்டும். காந்தம் துண்டை அசைக்கக்கூடும்.

பெண்கள் தாலியைக் கழற்றவேண்டியதில்லை. கம்பியில் படாமல் ஒதுக்கினால் போதும். திரை மறைவும், அருகில் ஒரு பெண் இருப்பதும் நீங்கள் கேட்கக்கூடியவை. கூச்சத்தால் சட்டையின் மேல் பொருத்தினால் பதிவே வராது.

கடைசியாக, கடதாசியைக் காப்பாற்றுங்கள். ஈ.சி.ஜி. கடதாசி வெப்பத்தால் எழுதப்படுவது. அடுப்புச் சூட்டிலும் வெயிலிலும் பிளாஸ்ரிக் உறையிலும் அது மங்கி வெள்ளையாகிவிடும். எடுத்த அன்றே போட்டோப் பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். தொலைபேசியில் படமும் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிக்குளம் முகாம்களுக்கு வந்தவர்கள் பலரிடம் ஒரு துண்டு மருத்துவக் கடதாசியும் இருக்கவில்லை. என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்ல முடிந்ததே மிச்சம். நலமாக இருக்கும்போது எடுத்த பழைய ஈ.சி.ஜி. ஒன்று கையில் இருந்தால், புதிதாக வந்த கோளாறு எது, எப்போதும் இருந்தது எது என்பதை வைத்தியர் அதே இடத்தில் பிரித்தறிவார்.